தண்ணீருக்குள் நட்ட வேலி

ராத்தா,

இன்று காலை கடை திறந்த கையோடு என் பேத்தி வந்தாள். வெறும் தேங்காயெண்ணெய்க் கேனை மேசையில் வைத்து, "இனி எனக்கு இது வேணாம். சும்மாவே நீந்துறன்," என்றாள். எண்ணெய் வாசமும் களப்புக் கடலின் சேற்று வாசமும் சேர்ந்து அடித்தது. உங்கள் நினைவு வந்து கடைக்குள் குந்திக்கொண்டது.

நாட்டில் சண்டை முடிந்து எல்லாரும் மூச்சுவிட்ட காலம் அது. உச்சமுனையில் கலியாணம் முடிந்து திரும்பிய வள்ளம், எங்கள் கரைத்தீவுக் கரை தெரிகிற தூரத்தில் கவிழ்ந்தது. பொடியன்மார் நீந்திக் கரையேறினார்கள். பெண்பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. உங்கள் மகள் றிஸ்னாவும் வரவில்லை.

அவர்கள் நினைவாக அந்தக் கரையில் பூங்கா அமைக்கும் கமிட்டிக்கு நான் தலைவர். பெயர் பொறித்த கல், நிழல் மரங்கள், குந்தியிருக்க வாங்குகள், தண்ணீரோரம் நெடுக இரும்பு வேலி. பாடசாலை மண்டபத்தில் வரைபடத்தை விரித்தபோது நீங்கள் எழும்பினீர்கள்.

"இந்த வேலி ஆருக்குத் தம்பி?"

"புள்ளைகள் விழுந்திடக் கூடாதுதானே ராத்தா."

"விழாட்டிச் சரி. விழுந்தா?"

தண்ணீரில் இறங்கப் படிக்கட்டு வையுங்கள், பெண்பிள்ளைகள் நீந்தப் பழகட்டும் என்றீர்கள். பின்வரிசையில் ஒரு ஹாஜியார் இருமினார்.

"ஊரே பார்க்கக் குமருகள் நீந்துறதா?"

"வேலிதான் இருக்கே ஹாஜியார். அதத் தண்ணிக்குள்ள கொண்டுபோய் நட்டு, சுத்தி ஓலைக் கிடுகு கட்டுங்க." என் பக்கம் திரும்பினீர்கள். "காணி வளைக்கிற ஆள் நீங்க. கடல்ல ஒரு துண்டு வளைக்க ஏலாதா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

வளைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், நல்ல மறைப்போடு. ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் பிள்ளையை அனுப்பவில்லை. வீண்வேலை என்று எனக்கே பட்டுவிட்டது. அப்போதுதான் ஒரு பின்னேரம் கடைக்கு வந்து, பிடித்து மிதக்க ஒரு வெறுங் கேன் கேட்டீர்கள்.

"ஆருக்கு ராத்தா?"

"எனக்குத்தான். கல்லுல இன்னொரு பேருக்கு இடமிருக்கா தம்பி?"

மகளைக் கொண்டுபோன தண்ணீரில், அந்த வயதில், கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். முதலில் "யா அல்லாஹ்!" என்று கத்தினீர்களாம், பிறகு சிரித்தீர்களாம். எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் உங்களை வேடிக்கை பார்க்கவென்றே பெண்பிள்ளைகள் வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் இறங்கினார்கள்.

கேனை விட்டு நீந்த நீங்கள் கடைசிவரை பழகவேயில்லை. உங்கள் உயிரைக் கொண்டுபோன நோயில் படுக்கும்வரை, கரையில் நின்று மற்றப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது எவர் எந்தத் திட்டத்தோடு வந்தாலும், நல்லதையெல்லாம் சொல்லவிட்டு, "விழுந்தா?" என்று கேட்கிறேன். யாவாரத்திலும் அதைத்தான் கேட்கிறேன். பலருக்கு என்னைப் பிடிப்பதில்லை.

பேத்தி தந்த கேனின் மூடியை இறுக்கி, கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சின்னவள் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.