தண்ணீர் ஒரு படம், கொழுப்பு ஒரு படம்

மார்ச் 4, 2024

தெப்ராவில் காலையிலிருந்து மழை. ஃபேக்டரியில் நான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் பழுது, பாதி நாள் சும்மா. மத்தியானம் பத்து பாகாட் ஊரிலிருந்து என் அக்கா கஸ்தூரி அழைத்தாள். எங்கள் இரத்தப் பிரிவு பொருந்திவிட்டதாம். அவள் கல்லீரல் இனித் தேறாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். என்னுடையதில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால் பிழைப்பாள். எனக்கு மிச்சமிருப்பது வளர்ந்துவிடுமாம்.

"உன் கல்லீரலா அர்ச்சுனா? அதுல எண்ணெய் வழியிற ரொட்டி சானாய்தான்டா இருக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். இவளுக்கு உடம்பு சரியில்லை என்று யார் நம்புவார்கள்?

மார்ச் 5

பிரேமலாவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" மனைவி கேட்டது இந்த ஒன்றைத்தான். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 12

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கடகடவென்று ஒரே சத்தம். நடுவில் ஸ்பீக்கரில் ஸ்கேன் எடுக்கும் ஃபாயிஸாவின் குரல்: "மூச்ச இழுங்க... பிடிங்க... விடுங்க அண்ணே."

வெளியே வந்ததும் திரையில் காட்டினாள். ஒரே வயிறு, இரண்டு படம். ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி சிக்னலும் கொழுப்பு சிக்னலும் ஒரே வேகத்துல ஓடாது. ஒரு நேரம் ஒண்ணா சேரும், ஒரு நேரம் எதிரெதிரா நிக்கும். ரெண்டு நேரத்துலயும் படம் பிடிச்சுக்குவோம். கூட்டினா தண்ணி மட்டும், கழிச்சா கொழுப்பு மட்டும்."

நான் தைப்பூசத்துக்கு உறுமி அடிப்பவன். பக்கத்தில் அடிப்பவன் கொஞ்சம் முந்தினால் இரண்டு அடியும் விலகும், பிறகு எங்கேயோ வந்து சேரும். சட்டென்று புரிந்துவிட்டது.

"கொழுப்புப் படத்துல கல்லீரல் கறுப்பா இருக்கணும் அண்ணே. உங்களுது..."

சாம்பல். நல்ல சாம்பல். பதினேழு சதவீதம் என்று பிறகு டாக்டர் சொன்னார். பத்துக்குக் கீழே வராமல் கத்தி வைக்கமாட்டார்களாம். வாயைக் கட்டி, தினமும் நடந்தால் குறையுமாம்.

மார்ச் 13

அக்காவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். உடனே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. ச்சே — யார் மேல கோவப்படுறது? தின்னது நானு, சாவுறது அவளா?

மார்ச் 14

விடிந்ததும் நடக்கக் கிளம்பினேன். வாசலில் பிரேமலா காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தனியா விட்டா மாமாக் கடையில ரொட்டி திங்க உக்காந்துருவீங்க. வாங்க."

ஏப்ரல் 2

தே ஓ கோசோங், வெறும் தேநீர். சீனியும் இல்லை, பாலும் இல்லை. இதையும் மனிதர்கள் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

ஏப்ரல் 27

கூட வேலை செய்யும் மணியம் அண்ணன் மகள் கல்யாணம். என் தட்டில் வெள்ளரிக்காய். "அலமாக், காய்ச்சலாப்பா?" என்று மேசை முழுக்க விசாரிப்பு. விஷயத்தைச் சொன்னேன். மணியம் அண்ணன் எழுந்து, பிரியாணிப் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

மே 19

அக்கா மறுபடி வார்டில். வயிறு வீங்கியிருக்கிறது. அதிக நாள் காத்திருக்க முடியாது என்கிறார் டாக்டர். இன்று இரண்டு வேளை நடந்தோம்.

ஜூன் 10

இரண்டாவது ஸ்கேன். கொழுப்புப் படத்தைப் பார்த்தேன். கல்லீரலில் பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. இத்தனை நடந்தும்? பிரேமலா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, பயப்படாதீங்க!" என்றாள் ஃபாயிஸா. "காந்தம் ஒரு எடத்துல சமமா இல்லன்னா கம்ப்யூட்டர் குழம்பிடும். தண்ணிய கொழுப்புன்னும் கொழுப்ப தண்ணின்னும் பேர மாத்திப் போட்டுரும். பாருங்க, அந்தப் பக்கம் தோலுக்குக் கீழ கொழுப்பே காணோம். உங்க வயித்துல அது நடக்குமா அண்ணே?"

பிரேமலாதான் முதலில் சிரித்தாள். காந்தத்தைச் சரிசெய்து மறுபடி எடுத்தார்கள். இந்த முறை கறுப்பு! டாக்டர் பார்த்துவிட்டு ஆறு சதவீதம் என்றார். ஆள் நடமாட்டமுள்ள காரிடாரிலேயே பிரேமலா என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளில்கூட இப்படிச் செய்தவள் இல்லை.

ஜூலை 3

கோலாலம்பூர். நாளைக் காலை ஆபரேஷன்.

"பயமா இருக்காக்கா?"

"உனக்கு?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

இரண்டுமே பொய்.

ஜூலை 10

சிரித்தால் தையல் வலிக்கிறது. ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்த அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே சிரிக்க வைக்கிறாள்.

டிசம்பர் 15

அக்காவுக்குக் கோலாலம்பூரில் செக்கப். காரில் ஏற்றிக்கொண்டு போகப் பத்து பாகாட் போனேன். நேராக வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருடா. ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் ஓட்ட, யோங் பெங் ஊர் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.