பலகையில் ஒட்டிய எதிர்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் முழங்காலையும் என் முன்கோபத்தையும் விட்டுவிட்டால் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம், நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியும் இல்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதுவும் போக இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய சமாச்சாரம், தப்பை ஒப்புக்கொள்ள எனக்குக் கையில் பேனா இருந்தால்தான் வாய் வருகிறது. வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, பழுது பார்க்க வந்தவர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் முந்தின தடவை வந்தவனைத் திட்டினார், மூன்றும் அவரேதான். அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள், இதுவரை ஒரு கை முடிந்திருக்கிறது, அதில் உன் கை மட்டுமல்ல, காலும் போகும். நீ வந்து போட்டுப் பார்க்கும்போது சிரித்துவிடாதே.

போன மாதம் நீ அனுப்பிய காகிதக் கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. சமூகம் எப்படி மாறுகிறது என்று படித்தவர்கள் சொன்ன கொள்கைகள் முன்பாதியிலும், இருபது வருடம் கழித்து ஒரு நகரத்தின் போக்குவரத்து எப்படியெல்லாம் இருக்கலாம் என்று நீயும் உன் ஆபீஸ்காரர்களும் யோசித்த நான்கு எதிர்காலங்கள் பின்பாதியிலும் இருந்தன. பாதி புரிந்தது, மீதியையும் விடாமல் படித்தேன். ஏனென்றால் நீ போன பிறகு வீட்டில் உன் குரல் இவ்வளவு நேரம் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு சும்மா இருந்தேனா, எங்கள் பஸ் டெப்போ டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். உன் கொள்கைகளுக்கெல்லாம் அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது தெரியுமா. சமூகம் படிப்படியாகத்தான் முன்னேறும் என்கிற கட்சிக்கு எங்கள் மேலாளர், இப்போது எத்தனாவது படியில் சார் இருக்கிறோம் என்று கேட்டால் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். மோதாமல் எதுவும் மாறாது என்பதற்குச் சங்கச் செயலாளர், கழிவறைக்குக் கதவு வந்ததே பதினோரு நாள் வேலைநிறுத்தத்தால்தான் என்று இன்னும் மார்தட்டுகிறார். கருவி மாறினால் மனிதன் மாறுவான் என்று நீ எழுதிய பக்கத்தை மெக்கானிக் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வரும் என்ற கொள்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர் யார் என்று நினைக்கிறாய், நகரத்தைச் சுற்றி வரும் வட்டப்பாதை வண்டியின் டிரைவர்தான், இருபது வருடமாக அதையே ஓட்டுகிறார், பாவம்.

எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது, எனக்கு இருந்தது டூட்டி சார்ட் மட்டும்தான். நாளைக்கு எந்த வண்டி, எந்த நேரம், யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று கோடு போட்ட தாளில் எழுதி, சிவப்பு மையில் தலைப்பிட்டு, மாலை நான்கு மணிக்குப் பலகையில் ஒட்டுவேன். வேலைநிறுத்தம் நடந்த அந்தப் பதினோரு நாளை விட்டுவிட்டால் இருபத்தெட்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை, ஒட்டியது மறுநாள் நடக்காமல் போனதும் இல்லை. இந்த இடத்தில்தான் உன் அப்பாவுக்குப் புத்தி கெட்டது. மகள் எழுதியதை எல்லோரும் பார்க்கட்டும் என்று பெருமை தலைக்கேறிவிட்டது. அச்சு பொடியாக இருக்கிறதே என்று அதே கோடு போட்ட தாளில், அதே சிவப்புத் தலைப்போடு, என் கையெழுத்திலேயே சுருக்கி எழுதினேன். பலகையில் ஒரு தாளுக்குத்தான் இடம் இருந்தது, சரி, தினம் ஒன்றாக ஒட்டுவோம் என்று முதல் எதிர்காலத்தை மட்டும் சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு மற்ற மூன்றையும் மேஜை இழுப்பறையில் வைத்தேன். முதலாவது எது என்று உனக்கே தெரியும், வண்டிகள் தானாக ஓடும், டெப்போவில் திரைகளுக்கு முன்னால் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், டிரைவர் எவரும் இல்லை. எந்த வருடம் என்று மேலே எழுதினேன், சத்தியமாக எழுதினேன், ஆனால் அந்தப் பலகையில் மேலே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை, அங்கே ஒட்டினால் நாளைக்கு என்று அர்த்தம்.

மறுநாள் டெப்போ இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். செயலாளர் ஒன்பது மணிக்குள் எதிர்ப்பு மனுவில் நூற்றுப் பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். வட்டப்பாதைக்காரர் என்னைத் தனியாக அழைத்து, அந்த ஆறு சீட்ல ஜன்னல் ஓரமா ஒண்ணு நமக்குப் போட்டுக் குடுங்க என்றார். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, எனக்குச் சொல்லாமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கோபித்துக்கொள்ள, அவர்கள் பயந்துபோய்ப் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அப்படி ஓர் உத்தரவை அரை நாள் தேடியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், நானும் மத்தியானம் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை என்று ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. எங்கள் டெப்போவில் வண்டி கழுவுகிற பெண், அவள் பக்கம் போனவர் சட்டை நனையாமல் திரும்ப முடியாது, அதனால் அந்தப் பெயர். எட்டு வருடமாகக் கழுவுகிறாள். கழுவிய வண்டியை வரிசையில் திருப்பி நிறுத்தும் சாக்கில் டிரைவர்களிடம் கெஞ்சிக் கெஞ்சியே ஓட்டக் கற்றுக்கொண்டாள், கனரக லைசென்சும் வாங்கிவிட்டாள். இலாகா வைக்கும் டிரைவர் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அது வருடத்துக்கு ஒரு தடவை, நாற்பது வயது வரைக்கும்தான், அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது. தேர்வு வியாழக்கிழமை காலை, நான் தாளை ஒட்டியது புதன்கிழமை மாலை. வியாழன் மத்தியானம் ஷெட் பக்கம் போனால் அவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பதினேழாம் நம்பர் வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள். என்னம்மா, தேர்வுக்குப் போகலையா என்று கேட்டேன். டிரைவரே கிடையாதுன்னு நீங்கதான சார் எழுதியிருக்கீங்க, இனி நான் போயி என்ன பண்ண என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். உங்க எழுத்து ஒரு நாளும் பொய்யானதில்லையே சார் என்று வேறு சேர்த்துக்கொண்டாள். அது நடக்கக்கூடிய நான்கில் ஒன்றுதானம்மா, இப்போது இல்லை, இருபது வருடம் கழித்து என்று விளக்கினேன். குழாயை மூடிவிட்டு, அப்ப மத்த மூணும் எங்க சார் என்றாள். என் இழுப்பறையில் இருக்கிறது என்றேன். பாப்பா, இத்தனை வருட வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

உன் மேல் தப்பே இல்லை, அதை நினைத்து நீ வருத்தப்படாதே. இருக்கலாம் என்று நீ நாற்பத்தோரு இடத்தில் எழுதியிருக்கிறாய், அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். தாளில் இடம் போதாமல் நான் சுருக்கியபோது முதலில் வெட்டியது அந்த ஒரு வார்த்தையைத்தான். மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களெல்லாம் ஆராய்கிறீர்கள், எனக்குத் தெரிந்து அன்றைக்கு அது ஒரு துளிப் பசையிலிருந்து வந்தது. வண்டி தானாக ஓடுகிற காலம் வருகிறதோ இல்லையோ, அது வரும் என்று எழுதிய தாள் முந்திக்கொண்டு வந்து ஒருத்தியைத் தேர்வுக்குப் போகவிடாமல் செய்துவிட்டது. உன் ஆபீஸில் இதைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்பு, இல்லாவிட்டால் நீ எழுது.

மேலாளரிடம் ஓடினேன். தேர்வுக்கு வராதவர் அடுத்த வருடம்தான் வர வேண்டும், இலாகா பக்கம் தப்பு நடந்திருந்தால் மட்டும் மறுதேர்வு உண்டு, தப்பு செய்தவர் எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. மேலாளர் நல்ல மனுஷன், உங்களுக்கு ரிட்டயர் ஆக அஞ்சு மாசம் இருக்கு, எழுத்துல குடுத்து ஏன் வம்பை விலைக்கு வாங்குறீங்க, வாய்மொழியா பேசிப் பார்ப்போம் என்றார். அப்படியே தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். பொண்ணு ஆசையா அனுப்பினா படிச்சு வெச்சுக்கணும், ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அப்புறம் அவளே பேனாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நான் சூழ்நிலை காரணமாக, கவனக்குறைவால் என்று சுற்றி வளைத்து எழுதிய முதல் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, நான்தான் ஒட்டினேன்னு மொத வரியிலயே எழுதுங்க என்றாள். அப்படியே எழுதினேன். மறுதேர்வுக்கு உத்தரவு வந்தது, கூடவே எனக்கு ஒரு மெமோவும் வந்தது. பலகையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பயணிகள் தவறவிட்ட பொருள் வைக்கும் அறையில் இருக்கிறேன், குடைகளுக்கு நடுவில். மனசு கஷ்டப்படவில்லை என்று சொன்னால் பொய். நான்கு மணி ஆனால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை மறுதேர்வு. லீவு போட்டுவிட்டு நானும் போனேன், என் சுருக்கத்தை அல்ல, நான்கு எதிர்காலங்களும் இருந்த உன் அச்சுத் தாள்களையே அவள் முந்தின வாரமே என்னிடம் கேட்டு வாங்கிப்போயிருந்தாள். மைதானத்தில் எட்டுப் போட்டாள், மேட்டில் பின்வாங்காமல் வண்டியை எடுத்தாள், கடைசியில் இரண்டு தூணுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கும்போது வால்பக்கம் தூணுக்கு ஒரு கை அளவில் போய்விட்டது. அவள் நிறுத்தி, இறங்கி வந்து இடைவெளியைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து நேராக உள்ளே விட்டாள். இறங்கிப் பார்க்கிற டிரைவரை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று சொல்லிக்கொண்டே தேர்வு அதிகாரி கையெழுத்துப் போட்டார். பாஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தோம். வண்டி தானா ஓடுற காலம் வந்தா வரட்டும் சார், அதுவரைக்கும் நான் ஓட்டுறேன் என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து உன் தாள்களை எடுத்துக் கொடுத்தாள், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். நல்லா எழுதியிருக்காங்க உங்க பொண்ணு என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம்தான் கேட்டாள். நாலுலயும் பஸ் பளபளன்னு இருக்கு சார், யார் கழுவினாங்கன்னு ஒண்ணுலயும் இல்லையே, நான் இந்தப் பக்கம் வந்துட்டேன், என் எடத்துக்கு வர்ற பொண்ணு கேட்டா என்ன சொல்ல, உங்க பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்க என்றாள். வீட்டுக்கு வந்து நான்கையும் வரிவரியாகத் தேடினேன். இல்லை பாப்பா. டிரைவர் போவதும் வருவதும் இருக்கிறது, முதலாளி இருக்கிறார், பயணி இருக்கிறார், அவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அறிவைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை, நீ யோசிக்கிற யோசனை நாலு பேருக்கு நல்லதாக முடியட்டும், நீ நினைத்தது எல்லாம் நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு. வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணு, அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பின்னுவதால்தான் கை இவ்வளவு பெரிதாகிறது என்று நினைக்கிறேன். மறந்துவிடாதே, மழை கேட்ட கேள்விக்கு உன்னிடமிருந்து பதில் வர வேண்டும். அவள் திங்கட்கிழமை ஸ்டியரிங் பிடிக்கிறாள், அன்றைக்கே குழாயைப் பிடிக்கப் புதுப் பெண் வருகிறாள். பத்தொன்பது வயதாம், முதல் வேலையாம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா