சுல்தான் என்ற கழுதையும் உம்மாவின் சிங்களமும்

தில்லையடி,
புத்தளம்.
18.11.2016

அன்பு மகன் ஸஜீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எழுதி உன்னைத் திடுக்கிட வைப்பதற்கு முதலில் உம்மாவை மன்னித்துக்கொள், யாருக்கும் ஒன்றும் இல்லை, எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பேத்தி ஸும்ராவும் அங்கே சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். இதைப் போனில் சொல்ல மூன்று தரம் வாய் திறந்தேன், மூன்று தரமும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிப்பிக்கிறவள்தான், ஆனாலும் ஒரே ஒருவரிடம் ஒன்றைச் சொல்வதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா.

இங்கே மழை தொடங்கிவிட்டது, உப்பளமெல்லாம் தண்ணீர். உன் தங்கச்சி நபீலா மதுரங்குளியிலிருந்து பிள்ளைகளோடு வந்து ஒரு கிழமை நின்றாள். வாப்பா ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார், வழக்கம்போலச் சட்டைப் பைக்குள் மன்னார் மண்ணோடுதான் வந்தார், உடுப்புக் கழுவுகிற எனக்குத்தான் தெரியும். முழங்கால் வலியைச் சொல்லமாட்டார், படியில் இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறார். அங்கே நம் காணியில் நட்ட பதினாறு தென்னம்பிள்ளையில் நாலைக் கழுதை கடித்துவிட்டதாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஸும்ராவுக்கு இருமல் என்றாயே, கழுத்தை மூடிக் கம்பளி கட்டிவிடு, குளிர்ந்த பாலைக் கொடுக்காதே.

போன மாதம் நீ சொன்னாய், டிசம்பர் விடுமுறையில் அந்தக் கழுதை வண்டிப் படத்துக்கு ஸும்ராவைக் கூட்டிப் போகப் போகிறேன் என்று. நீ சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனை இப்போது உண்மையான மனிதர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள், சுல்தான் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தான் என்று தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனிக் கண்ணாலேயே பார்ப்பாள் என்றாய். உன் குரல் அப்படித் துள்ளியது, நான் அங்கே மழையா என்று கேட்டேன்.

நபீலா அந்தப் படத்தைத் தமிழ் எழுத்துப் போட்ட டிவிடியில் கொண்டுவந்திருந்தாள், அங்கே திரைக்கு வருமுன் இங்கே எப்படி வந்தது என்று கேட்காதே. போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டபின் வாப்பாவும் நானும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தோம். அதே குடும்பம், அதே வண்டி, அதன்மேல் தலைகீழாகக் கட்டின அதே மேசை. கார்ட்டூனில் கூட்டுகிற தும்புக்கட்டை மாதிரிக் கீறியிருந்த அந்த மனிசனின் மீசையை இப்போது ஒரு நடிகனுக்கு ஒட்டிவிட்டிருக்கிறார்கள், தும்மும்போது ஒரு பக்கம் கழன்று விழ, பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கழுதைதான் என் மனதுக்குச் சரிவரவில்லை, நம் கல்பிட்டி ரோட்டில் நிற்கிறவை மாதிரி இல்லை, குளிப்பாட்டிச் சீவிவிட்ட கழுதை.

மகன், அந்தக் கழுதையின் பெயர் சுல்தான் இல்லை. அந்தக் குடும்பம் ஊருக்குப் போகவும் இல்லை. அவர்களுக்கு ஊர் என்று ஒன்றே கிடையாது, வீடு மாறுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. கடைசியில் கடற்கரையில் சாமான் இறக்கும்போது அந்தப் பெண் சொல்வாளே ஒரு வார்த்தை, எல்லோரும் சிரிப்பார்களே, அது இங்கே அலுக்கும் வரைக்கும் இருப்போம், பிறகு வேறு இடம் பார்ப்போம் என்பதுதான். தமிழ் எழுத்தில் அதை வாசித்ததும் நான் குசினிக்கு எழும்பிப் போய்விட்டேன்.

முகாமில் இருந்த அந்தக் காலம் உனக்கு எவ்வளவு ஞாபகமோ தெரியாது. நஃபீஸாவின் கடையில்தான் டீவி, கார் பெட்டரியில் ஓடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் முகாம் பிள்ளைகள் எல்லாம் மணலில் சாக்கு விரித்து இருப்பீர்கள், பின்னால் பெரியவர்கள். கார்ட்டூன் சிங்களத்தில் பேசும், மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த நம்மில் அநேகருக்கு அதில் ஒரு சொல் தெரியாது. முதல் நாளே நஃபீஸா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள், நீ படிச்ச புள்ளதானே றஹ்மா, சொல்லிக் குடு எண்டு. நான் அப்போது ஏ.எல். மட்டும்தான் பாஸ் பண்ணியிருந்தேன், பட்டம் எல்லாம் பிறகு இந்த ஊரில் வந்து எடுத்தது. எனக்குச் சிங்களம் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஐம்பது முகம் என்னையே பார்த்ததில் வெட்கம் வந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். சுல்தான் எண்டு பெயர் வைத்தேன். ஏன் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது, ஊருக்குத் திரும்பிப் போறாங்க என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கண் தெரியாத ஆசியா உம்மா கூட வெள்ளி வந்தால் குடிசைக்குள் இருந்தபடியே கூப்பிட்டுக் கேட்பா, என்ன புள்ள, அந்தக் கழுதை இன்னுமா வந்து சேரல்ல, எங்கட ஊர்க் கழுதையெண்டா இதுக்குள்ள ரெண்டு தரம் போய் வந்திருக்கும் எண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது, அந்த ஈர மண் மணமும் பெட்டரி மணமும் கூட.

கடைசி நாள் கடற்கரையைக் கண்டதும், வந்து சேந்திட்டாங்க, இதுதான் அவங்கட ஊடு எண்டு சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எழும்பிக் குதித்தீர்கள். நீ வாப்பாவிடம் ஓடி, உங்களுக்குச் சிங்களம் தெரியுமே, அப்பிடியா சொன்னாங்க எண்டு கேட்டாய். கருவாட்டு லொறியில் சிலாபம், நீர்கொழும்பு என்று போய்வந்த மனிசன், நல்ல சிங்களம். ஓம், அப்பிடித்தான் எண்டார். அவருக்கும் சரியாகக் கேட்டிருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நடந்தது உனக்கு மறக்காது. இரண்டு சட்டையும் என் சீப்பும் வைத்த பள்ளிக்கூடப் பையோடு, மதகடியில் நின்ற உப்பு லொறியின் பின்பலகையைப் பிடித்து நீ ஏறிக்கொண்டிருந்தாய், லொறி உருளத் தொடங்கிவிட்டது. வாப்பா ஓடிப்போய் இழுத்து இறக்கி அடித்தார். டீவியில அவங்க போய்ட்டாங்களே, நாம ஏன் போகல்ல எண்டு நீ அழுதாய். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாப்பா என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு உன்னிடம், நான் விடமாட்டன், அவ்வளவுதான் எண்டார். அன்றிலிருந்து நீ அவர் பக்கத்தில் படுக்கவில்லை. நாட்டில் சண்டை முடிந்து அவர் ஊரில் காணி துப்புரவாக்கப் புறப்பட்டபோது, அண்டைக்குப் போகக் கேட்ட புள்ளைய அடிச்ச மனிசன் இப்ப யாருக்காகக் காடு வெட்டப் போறார் எண்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டாய். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

படம் முடிந்து பிள்ளைகள் வெளியே போனபின் நான் அவரிடம் எல்லாம் சொன்னேன், இருபத்திரண்டு வருசத்துப் பொய்யை. அவர் தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே, எனக்கு அண்டைக்கே தெரியும், சிங்களத்தில கழுதைக்கு சுல்தான் எண்டா பேர் வெப்பாங்க என்றார். பிறகு ஏன் ஓம் எண்டு சொன்னீங்க என்றேன். முகாமில அந்த அரை மணித்தியாலம்தான் தண்ணிக்குச் சண்டை இல்லாம இருந்த, அதை நான் ஏன் கெடுப்பன் என்றார். அப்ப ஸஜீதுக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன். கோப்பையைக் கீழே வைத்தார். உன்ட உம்மா பொய் சொல்லுறா எண்டு ஏழு வயசுப் புள்ளைக்கு எப்பிடிச் சொல்ல, ஊரும் போய் ஊடும் போய் அவனுக்கு அப்ப இருந்தது உன்ட வாய்க் கதை மட்டுந்தான், வாப்பாவில கோவம் இருந்தாப் பரவால்ல என்றார். பிறகு கோப்பையை அவரே கழுவி வைத்தார்.

ஸும்ராவைப் படத்துக்குக் கூட்டிப் போ. கழுதையின் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்டால், வாப்பும்மா பொய் சொன்னா என்று சொல், எனக்கு வெட்கமில்லை. அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காப்பானாக, உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடு, வெறும் கோப்பியோடு ஓடாதே.

இனி ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ என் போனுக்குத்தான் எடுப்பாய், வாப்பா பக்கத்துக் கதிரையில் இருப்பார், நான் அவரிடம் கொடுத்தால் சலாம் சொல்லிச் சுகமா என்று கேட்டுவிட்டு உம்மாட்ட குடுங்க என்பாய். அவருக்கும் ஒரு போன் இருக்கிறது, நம்பர் உன்னிடம் உண்டு. சனிக்கிழமை தோறும் அதைச் சார்ஜில் போடுகிறார், யாருக்காக என்று நான் கேட்டதில்லை. இந்தக் கடிதம் கிடைத்து வருகிற ஞாயிறு அந்தப் போனுக்கு எடு, மகன். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், தென்னம்பிள்ளை எப்படி என்று கேள். உம்மாட்ட குடுங்க என்று மட்டும் சொல்லாதே. நான் அந்த நேரம் கிணற்றடியில் இருப்பேன்.

உன் உம்மா,
றஹ்மா