மிளகளவு கட்டி

மார்ச் 4, 2024

முசிறியில் ராத்திரி ஹால்ட். காலையில் வெறும் வயிற்றோடு முதல் ட்ரிப் எடுத்தேன். கொள்ளிடப் பாலத்து நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கண்டக்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஸ்ரீரங்கம் போலீஸ் ஸ்டேஷனில் ஊதச் சொன்னார்கள். மெஷினில் எதுவும் காட்டவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிக் கொடுத்தார், அதற்கப்புறம்தான் தெளிந்தது. ஓனர் பாலு, வேறு ஏதாவது போதை போடுகிறாயா என்று கேட்டு, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த சனங்களை நினைத்தால்தான் — வேண்டாம்.

மார்ச் 5

மச்சான் வந்து, என்னைக் குடிநோய் மையத்தில் சேர்க்கச் சொன்னார். லிசி விடவில்லை. "அவரு குடிக்கிறவரு இல்லண்ணே. ஒடம்புல என்னமோ இருக்கு. அது என்னன்னு பாக்காம விடமாட்டேன்." என் மனைவி இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 19

ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுக்காமல் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, எழுதச் சொன்னால் எழுத்து கோணிப்போய், நர்ஸையும் திட்டினேனாம். சர்ஜன் தஸ்லிமா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். கணையத்தில் எங்கோ ஒரு சின்னக் கட்டி, வேண்டாத நேரத்திலும் இன்சுலினைக் கொட்டுகிறது. வயிறு காலியானால் மூளைக்குச் சர்க்கரை போதவில்லை.

வியாதி என்று தெரிந்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

மார்ச் 27

சி.டி.யில் கட்டி தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை. எங்கடா ஒளிஞ்சிருக்க?

ஏப்ரல் 16

கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி வேறொரு ஸ்கேன். மருந்து இந்த மாதிரிக் கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். கணையத்தின் தலைப்பக்கம் மங்கலாக ஒரு புள்ளி. ஆனால் வயிற்றைத் திறந்தால் அது கையில் தட்டுப்படாமல் போகலாம். அதனால் ஆபரேஷன் அன்றும் அந்த மருந்தைப் போட்டு, தடித்த பேனா மாதிரி ஒரு கருவியால் தேடுவார்களாம். மருந்து சேர்ந்த இடத்தில் அது சத்தம் போடும்.

கிடைத்துவிடுமா என்று கேட்டேன். "தேடறதுக்கு நல்ல வழி இருக்குங்க. கெடைக்கும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். அந்த நேர்மை பிடித்தது. பயம் போகவில்லை.

ஏப்ரல் 25

நாளைக்கு ஆபரேஷன். லிசி தைரியமா இருக்கற மாதிரி நடிக்கிறா. நானும்தான்.

மே 1

தையல் இழுக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். விரலால் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் தட்டுப்படவில்லையாம். கருவி கணையத் தலையின் பின்பக்கம் போனதும் விடாமல் கத்தியதாம். அங்கே, சதைக்குள், மிளகளவு கட்டி. கட்டியை எடுத்த பிறகு கருவியை அதே இடத்தில் மறுபடி வைத்தார்கள் — சத்தம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சர்க்கரை தானாக ஏறியிருக்கிறது.

லிசி டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "முசிறிப் பக்கம் வந்தா நம்ம பஸ்லதான் வரணும்மா" என்று உளறினேன். இந்த உளறலுக்குக் கட்டி காரணமில்லை.

மே 9

பரவியதற்கு அடையாளம் இல்லை என்று ரிப்போர்ட். ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

ஜூன் 12

பாலு, பொன்மலையில் எங்கள் வீட்டுக்கே வந்தார். "ஒன்னத் தப்பா நெனச்சிட்டேன், அற்புதம்" என்று என் பேரைச் சொல்லிக் கையைப் பிடித்தார். கோபம் வரவில்லை. நானே என்னைச் சந்தேகப்பட்டவன்தானே. டாக்டர் சரியென்று எழுதிக் கொடுத்ததும் வேலைக்கு வரச் சொன்னார்.

ஜூலை 7, ஞாயிறு

ஆபரேஷன் வரைக்கும் லிசி ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து, எனக்குக் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தாள். கட்டி போன பிறகும் பழக்கத்தில் எழுந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இன்று எழவே இல்லை. வெயில் ஜன்னலுக்கு வந்தாயிற்று. மாதா கோயிலில் இரண்டாம் பூசைக்கும் மணி அடித்துவிட்டது. அசந்து தூங்குகிறாள். எழுப்பவில்லை. இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணவில்லை.