ஆள் புழங்காத வீடு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். குட்டிக்குச் சளி விட்டதா? நான் உங்களோடு இருந்த நாட்களில் மேல்தொட்டிக் குழாய் உடைந்து என் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கியதைச் சொல்லியிருந்தேன். கூடத்துக் கூரை விழுந்துவிட்டது. சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியோ கையை விரித்துவிட்டது. முப்பது நாளுக்கு மேல் ஆள் புழங்காமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இழப்பீடு கிடையாதாம். பாலிசியில் அப்படி ஒரு வரி இருக்கிறதாம்.

பூட்டிக் கிடந்ததை அவர்களுக்குச் சொன்னது யார் என்று வக்கீல் விசாரித்தார். நீதான். சேதத்தை மதிப்பிடும் கம்பெனி சர்வேயர் போனில் கேட்டபோது, "பிரசவத்துக்கு ஒத்தாசையா வந்த எங்க அக்கா நாப்பத்திரெண்டு நாள் எங்ககூடவே இருந்தாங்க சார், ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல" என்று பெருமையடித்திருக்கிறாய். போகட்டும். பத்தொன்பதாம் நாள் நான் வீட்டுக்கு வந்து போனேன்; சேர்ந்தாற்போல் முப்பது நாள் வீடு பூட்டிக் கிடக்கவில்லை. அது தெரியாமல் நீ பேசிவிட்டதாக ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இருபதாம் தேதி விசாரணை. தோற்றால் இந்த வீட்டில் இனி நான் குடியிருக்க முடியாது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. பொய்ப் பத்திரத்தில் மாட்டி முழிப்பவர்களை என் ஆபீசில் தினமும் பார்க்கிறேன். வக்கீல் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் எழுதாதே. நீ வந்து போயிருந்தால் எனக்குத் தெரியாதா? நான் ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் நீ அடுப்படியில்தானே நின்றாய்? உன் கடிதத்தை என் மனைவியிடம் காட்டவில்லை. காட்டினால் உன்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

வீடு போனால் போகட்டும். எங்களோடு வந்துவிடு. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று நீ ஆபீஸ் போனதும் பத்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். "போய்ட்டு வாங்க அண்ணி, ஒரு நாள் நான் சமாளிச்சுக்கிறேன்" என்று உன் மனைவிதான் அனுப்பி வைத்தாள். அக்கா, அக்கா என்று யாரும் கூப்பிடாத ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது. ஜன்னல்களைத் திறந்தேன், கஞ்சி வைத்துக் குடித்தேன், வெறுந்தரையில் மூன்று மணி நேரம் தூங்கினேன். நீ வருவதற்குள் திரும்பிவிட்டேன். தெரிந்தால் உன் மனசு நோகும் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

அவளையே கேள்.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். "நான்தான் அனுப்பி வச்சேன். ஆனா உங்க அக்கா சொன்னா நம்ப மாட்டீங்களா? அதுக்கு நான் வேற சாட்சி சொல்லணுமா?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். இரண்டு பேருமே ஆளுக்கொரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறோம். மன்னித்துவிடு அக்கா. எனக்குப் புத்தி மட்டு என்பது உனக்குத் தெரியாததா? கூரை வேலை முடியும்வரையாவது இங்கே வந்து இரு. குட்டி இப்போது குப்புற விழுகிறாள்.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

கம்பெனி ஒத்துக்கொண்டது. இரண்டு பத்திரங்களையும் பார்த்ததும் அவர்கள் வக்கீல் மேற்கொண்டு பேசவில்லை. இன்று ஆட்கள் வந்து கூடத்தில் சாரம் கட்டுகிறார்கள். "சந்தோஷமா இருங்கம்மா, ஜெயிச்சுட்டோம்" என்றார் நம் வக்கீல். தலையாட்டினேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோபமாவது வந்தால் உன்னோடு நாலு நாள் சண்டை போட்டு ஓய்ந்துவிடலாம். அதுவும் வரவில்லை.

விசாரணையில் உன் பத்திரத்தை வாசித்தார்கள். 'என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்' என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். நான் இரண்டு முறை எழுதிச் சொன்னது அதில் எங்கேயும் இல்லை.

அங்கே வர எனக்குத் தோன்றவில்லை. மாடி அறையை எனக்காக வைத்திருக்க வேண்டாம், வாடகைக்கு விட்டுவிடு.

அக்கா