நீ வாங்கிக் கொடுத்த டர்போ வண்டி

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகன் ஷெர்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அங்கே எட்மன்டனில் நீயும் ரியாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஜெபம் வேறு கோபம் வேறு, இந்தக் கடிதம் கோபத்துக்கு. போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ம்மா கேளும்மா, ம்மா ஒரு நிமிஷம்மா என்று நுழைந்துவிடுகிறாய், பேப்பரில் நுழைய முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று உன் அக்கா ஹெலினா கேட்டாள், வேண்டாம் என்றேன், ஆபீஸ் மீட்டிங் நடுவில் மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்துவிட்டு ஓகேம்மா என்று ஒரு கட்டைவிரல் அனுப்புவாய். தபாலில் வருகிறது, உட்கார்ந்து படி.

புதன்கிழமை ரியா எனக்குப் போன் பண்ணினாள். இங்கே எங்களுக்கு வாங்கிக் கொடுத்தாயே, அங்கேயும் அதே கம்பெனி வண்டியை வாங்கப் போகிறாயாம், இதைவிடப் பெரிய டர்போவாம், எவனோ எட்டு வருஷம் ஓட்டிக் கழித்ததாம், சல்லிசாக வருகிறது என்று அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். பிள்ளை பிறந்ததும் அவள் வேலைக்குப் போகாமல் இருக்கப் போகிற மாதங்களுக்கு என்று ஒதுக்கி வைத்த பணமாம் அது. அவள் அழவில்லை, அத்தை, உங்க வண்டிக்கு என்னதான் ஆச்சு, சின்ன ரிப்பேர்னு மட்டும்தான் இவர் சொன்னார் என்று கேட்டாள். சின்ன ரிப்பேரா? அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முழுசாக எழுதுகிறேன், அவளை எதிரில் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே.

கிறிஸ்துமஸுக்கு வந்தவன் வந்த மறுவாரமே என் சின்ன வண்டியைக் கொண்டுபோய் எக்ஸ்சேஞ்சில் விட்டாய். ஆவடி ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் நான் சொந்தக் காசில் வாங்கின வண்டி, என்னைக் கேட்டாயா? அப்பாவை வாரத்துக்கு மூன்று தடவை கரையான்சாவடிக்கு டயாலிசிஸுக்கு நான் அழைத்துப் போகிறேன் அல்லவா, அவர் மெத்தை மாதிரி சீட்டில் ராஜா மாதிரி போகட்டும் என்றாய் நீ. பூந்தமல்லி ஹைவேயில் கண்ணாடிக் கூண்டு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய கார் கடையில் உன் சிநேகிதன் கோகுல்நாத் பேசி முடித்தான். புதுசு வாங்கினால் அரைக் கோடி, நமக்குப் பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைத்தது என்று நீ குதித்தாய். அரைக் கோடி வண்டியை ஒருத்தன் பன்னிரண்டுக்கு ஏன் தள்ளிவிடுகிறான் என்று நான் கேட்டதற்கு, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா என்றாய். வண்டிக்கு ரிப்பன் கட்டி, பானட்டில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து, அப்பாவுக்கு என் அன்புப் பரிசு என்று ஊருக்கே போட்டாய். போதகர் ஐயாவைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொன்னாய், எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் குனிந்து பார்த்தேன், வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்திருந்தது. ஆமென் சொன்னதும் உன்னிடம் காட்டினேன். ஏசித் தண்ணீர் என்றாய். ஏசித் தண்ணீர் கறுப்பாக இருக்குமா ஷெர்வின்?

நீ பிளைட் ஏறிவிட்டாய், வண்டி என்னிடம் இருந்தது. பொங்கல் கழிந்ததும் எண்ணெய் குறைகிறது என்று திரையில் எழுத்து வந்தது. நம்ம மெக்கானிக் சுலைமான் பாயிடம் கொண்டுபோனேன், இத்தனை வருஷம் என் வண்டியைப் பார்த்தவர், அவர் கையே வைக்கவில்லை. எனக்கு இந்த வண்டி தெரியாதும்மா, தெரியாததைப் பிரிச்சுட்டு உங்களை நடுத்தெருவுல விட மாட்டேன், கம்பெனி ஆளுங்ககிட்டயே போங்க என்றார். அவர்கள் சொன்ன எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், அவர்கள் சொன்ன பெட்ரோலைத்தான் போட வேண்டும். அப்புறம் பேட்டரி செத்தது, அதையாவது கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்று பார்த்தால், புது பேட்டரி வந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு அவர்கள் வந்து சொன்னால்தான் அது ஒத்துக்கொள்ளுமாம். பேட்டரிக்கு ஒரு காசு, அதை அறிமுகப்படுத்தி வைக்க ஒரு காசு. நம் வீட்டுக் கல்யாணத்தில்கூட இவ்வளவு சீர் கேட்கவில்லை. நாலு மாதத்தில் என் பென்ஷனில் பாதி அதன் வயிற்றுக்குள் போனது. அதற்கு நடுவில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. கோகுல்நாத்துக்குப் போன் பண்ணினால், ஆன்ட்டி, லக்சுரி வண்டியில அப்படி லைட் எல்லாம் வரும், சென்சார் பிராப்ளம், ஓட்டுங்க என்றான். உன்னிடம் சொன்னேன், அவன் சொன்னா சரியா இருக்கும்மா என்றாய். எரிந்துகொண்டே இருந்த விளக்கோடுதான் ஓட்டினேன், வேறு வண்டி வைத்துவிட்டா போனாய்?

ஈஸ்டர் முடிந்த வாரம் அது. அப்பாவுக்கு டயாலிசிஸ் முடித்து மத்தியானம் திரும்பி வருகிறோம், அன்றைக்கு உடம்பிலிருந்து நீர் அதிகமாக எடுத்துவிட்டார்கள், ஏறும்போதே தள்ளாடினார். காடுவெட்டி பாலத்து மேல் ஏறும்போது வண்டிக்கு மூச்சு போய்விட்டது, எவ்வளவு அழுத்தினாலும் இழுக்கவில்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு நீலப் புகை. நடுப் பாலத்தில் நின்றது. ஏசி நின்றது. கியர் அசையவில்லை, அதெல்லாம் எலெக்ட்ரானிக்காம், வண்டி செத்தால் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளுமாம், நாலு பேர் இறங்கித் தள்ளியும் ஒரு அடி நகரவில்லை. கரையான்சாவடி வரைக்கும் பின்னால் வண்டி நின்றிருக்கும், அத்தனை ஹாரன். ஒருத்தன் போனில் படம் எடுத்துக்கொண்டே போனான். உள்ளே அப்பாவுக்குச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, உதடு வெளுத்தது, ஞானா கண்ணு இருட்டுது என்றார். சீட்டைச் சாய்த்துக் காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல் வைத்து நாடியைப் பிடித்தேன், விரலுக்கு அகப்படவில்லை. முப்பது வருஷம் எத்தனை பேருக்குப் பிடித்த கை ஷெர்வின், என் வீட்டுக்காரருக்கு இடது மணிக்கட்டு, வலது மணிக்கட்டு, கழுத்து என்று மாற்றி மாற்றித் தேடியது.

அப்போது ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, இன்னாம்மா, இம்மாம் பெரிய வண்டிய நடுப் பாலத்துல நிறுத்திகினு கீறே என்று திட்ட ஆரம்பித்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், ஐயே பெரியவருக்கு மூஞ்சி செத்துப் போச்சே, ஏத்து ஏத்து என்று தன் சவாரியை அங்கேயே இறக்கிவிட்டு, அப்பாவைக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டு போய் ஆட்டோவில் படுக்க வைத்தார். உதயகுமார் என்று பேர், நசரத்பேட்டைக்காரர். உன் பரிசைக் கதவு திறந்தபடி சாவியோடு பாலத்திலேயே விட்டுவிட்டு நான் ஏறினேன். எதிர்ப்பக்க ரோட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், மீதியை நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இரண்டு நாள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். உனக்கு ஹெலினா மெசேஜ் போட்டாள், நீ எழுந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய். நீ கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? வண்டி இப்ப எங்கம்மா, பூட்டினியா என்று கேட்டாய். ரியாவிடம் இதைச் சொன்னாயா? இரண்டாவதாக அப்பாவைக் கேட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாவதாக.

வண்டியை லாரியில் ஏற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள், காபி எல்லாம் கொடுத்தார்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ போய்விட்டது, அதற்கு எண்ணெய் போகிற குழாய் அடைத்திருக்கிறது, முன்னால் வைத்திருந்தவன் நேரத்துக்கு எண்ணெயே மாற்றவில்லை, டர்போ உடைந்த துண்டு இன்ஜினுக்குள்ளும் போயிருக்கலாம், பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். பிரிக்காமலே வாங்கின விலையில் பாதி கேட்டார்கள். நீ பணம் அனுப்புகிறேன், சரிபண்ணி வை, விற்காதே, நான் வரும்போது ஓட்ட வேண்டும் என்றாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது அப்பாவுக்கு வாங்கின வண்டியே இல்லை.

வண்டி வாங்கின கடைக்குப் போனேன். ஆறு மாத வாரண்டி இருக்கிறதே என்றேன். அங்கே மேனேஜர் பாண்டியன் என்று ஒருவர், மேடம், வாரண்டி இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும்தான், டர்போ இன்ஜின் கணக்கில் வராது என்றார். டர்போ இல்லாமல் இந்த இன்ஜின் ஓடுமா தம்பி என்றேன். ஓடாது என்றார். அப்புறம் எப்படி அது இன்ஜின் இல்லை என்றேன், வாரண்டி பேப்பரை என் பக்கம் திருப்பி அதே வரியைக் காட்டினார். சரி, நான் இங்கேயே உட்காருகிறேன் என்று வாசலுக்கு நேரே இருந்த சோபாவில் உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் வாங்க, எந்த வண்டி பார்க்கிறீங்க என்று கேட்டு, என் கதையைச் சொன்னேன். கத்தவில்லை, வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். புதுப் பெண்ணோடு வந்த ஒரு பையன் பாதிக் கதையிலேயே திரும்பிப் போனான். கோகுல்நாத்தை வரவழைத்தார்கள், ஆன்ட்டி, ஷெர்வின் மானம் போகுது, வாங்க வீட்டுக்கு என்றான். உனக்கு இதில் கமிஷன் எவ்வளவுப்பா என்று எல்லார் எதிரிலும் கேட்டேன், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் திரும்பவில்லை. சப்பாத்தி கட்டிக்கொண்டு போயிருந்தேன், அங்கேயே சாப்பிட்டேன். மறுநாளும் போனேன். சாயங்காலம் பாண்டியன் எதிரில் வந்து உட்கார்ந்து, மேடம் என்னதான் வேணும் உங்களுக்கு என்றார்.

அந்த வண்டி இப்போது நம்மிடம் இல்லை, இருக்கிற நிலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஆர்சி புக் என் பேரில், கையெழுத்து என்னுடையது, உன்னைக் கேட்கவில்லை. பாதிக்கு மேல் நஷ்டம்தான், உன் பணமும் என் பணமும் சேர்ந்து போனது. மிச்சத்துக்கு டர்போவும் இல்லாத திரையும் இல்லாத ஒரு சாதாரண பெட்ரோல் வண்டியை சுலைமான் பாய் படுத்துப் பார்த்து, இது எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகு எடுத்தேன். ஏசி குளிர நேரமாகிறது, பள்ளத்தில் இறங்கினால் இடுப்பில் இடிக்கிறது, போகிற இடத்துக்குப் போய்ச் சேருகிறது. கோகுல்நாத் நம் வாசல் ஏறக்கூடாது. நீ அங்கே அந்த வண்டியை வாங்கினால், ரியா பிரசவத்துக்கு நான் வர எடுத்த டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டு, அந்தப் பணத்தை அவள் பேரில் அனுப்புவேன், உன் பேரில் இல்லை. நான் சொன்னால் செய்வேன் என்று பாண்டியனைக் கேட்டுப் பார்.

இதுவரை எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உனக்குத் தெரியும், அவர் இந்த விஷயத்தில் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாலத்தில் நடந்ததை யார் கேட்டாலும் சும்மா லேசா மயக்கம், பையன் ஆசையா வாங்கினது, வண்டி என்ன பண்ணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடமும் அப்படித்தான். இன்றைக்கும் அதையே சொல்வார், திட்டினதைக் குறை என்பார் என்று நினைத்தேன். அவரோ, நான் அன்னைக்கு ரொம்ப பயந்துட்டேன் ஞானா, பையனைப் பார்க்காமலே போயிடுவேன்னு பயந்துட்டேன், அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உன்னையும் ரியாவையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் தம்முடைய செட்டைகளின் கீழ் காப்பாராக. அடுத்த ஸ்கேனுக்கு ரியாவோடு நீயும் போ, பஸ்ஸில் போ. இதைப் படித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணு, எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
ஜெ. ஞானகுமாரி