ஆணி ஒட்டாத காலை

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அழுகை வரவில்லை, வயிறுதான் எரிகிறது. முதலில் உன் மேல்தான் எரிகிறது.

அந்தப் பாழாய்ப்போன ஆணியை ஏன் நம்பினாய்? நம் திருவொற்றியூர் கடலை ஆலையில் எல்லாரும் செய்வதுதான், தெரியும். மோட்டாரின் இரும்புக் கூட்டில் ஆணியை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் உள்ளே கரண்டு ஓடுகிறது, விழுந்தால் இல்லை. மெயின் சுவிட்ச் இருக்கிற டைனமோ அறைக்குப் பூட்டு, சாவி மேஸ்திரியின் இடுப்பில். ஒரு மோட்டாருக்காக மெயினை இறக்கினால் ஆலை முழுக்க நின்றுவிடுமே, விடுவாரா அந்த மனுஷன்? அதனால்தான் நமக்கு ஆணி.

நீ மோட்டார்காரன், நான் உடைக்கிற மிஷினில் கடலை கொட்டுகிறவன். "இதுக்குள்ள இன்னாடா கீது, பேயா?" என்று ஒருநாள் சோற்று வேளையில் கேட்டேன்.

"பேயும் இல்ல, பூதமும் இல்ல. சொம்மா இரும்பு, மேல கம்பி சுத்திக்கீது. கரண்டு பூந்தா காந்தம், நின்னா வெறும் இரும்பு. வெளிய நிக்கிறது ஒரு காந்தம், நடுவுல உருள்றது இன்னொண்ணு. ஒண்ணு இழுக்குது, ஒண்ணு தள்ளுது. பாதி சுத்து வந்ததும் உருளையில கரண்டு திசை மாறிடுது. அதான் நிக்காம ஓடிக்கினே கீது" என்றாய். வாயில் சோறு இருந்தது, அதோடே சொன்னாய்.

நீ சாவதற்குப் பதினைந்து நாள் முன்னால் அந்த மோட்டார் வேகம் பிடித்தது. மேஸ்திரிக்கு ஒரே குஷி. நீ போய்ச் சொன்னாய்: "மேஸ்திரி, வெளிக் காந்தம் தளந்துபோச்சு. சுருள்ல கருகின வாசனை வருது. நிறுத்திப் பாக்கணும்."

"வேகமா ஓட்னா உனுக்கு எங்க நோவுது? மூட்டை ஏறுதில்ல? போய் வேலையப் பாரு."

காந்தம் தளர்ந்தால் மெதுவாகத்தானே ஓடவேண்டும் என்று நானும் உன்னோடு மல்லுக்கு நின்றேன். ஓடுகிற உருளை தானே எதிர்க் கரண்டு கிளப்பி, வருகிற கரண்டைத் தடுக்கும். வெளிக் காந்தம் பலமாக இருந்தால்தான் அந்தத் தடுப்பு நிற்கும். அது தளர்ந்தால் கடிவாளம் விட்ட குதிரைதான் என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. மேஸ்திரிக்குப் புரிந்துகொள்ள மனமே இல்லை.

அன்று காலை மோட்டாரைக் கிளப்புகிற கைப்பிடியைத் தள்ளினாய், மோட்டார் அசையவில்லை. ஆணியை வைத்தாய், விழுந்தது. கரண்டே வரவில்லை என்று மூடியைக் கழற்றி, நான் பார்க்கப் பார்க்கக் கையை விட்டாய். உள்ளே சுருள் அறுந்திருந்தது. காந்தம்தான் செத்திருந்தது, கரண்டு சாகவில்லை. அறுந்த முனை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது, உன் கை பட்டதும் அடித்துவிட்டது. இத்தனை தெரிந்த உனக்கு அந்த ஒரு நொடி இது ஏன் தோன்றவில்லை மச்சான்?

சரி, உன்னைத் திட்டியது போதும். என்னைத் திட்டுகிறேன், கேள்.

நீ செத்த மூன்றாம் நாள் மேஸ்திரி இங்கிலீஷ் காகிதம் ஒன்றை நீட்டி, தமிழில் படித்தும் காட்டினார். ஏழுமலை தன் சொந்த அஜாக்கிரதையால் இறந்தான், மோட்டாரில் பழுது இருப்பதாக முன்பு யாரும் சொல்லவில்லை, நான் நேரில் கண்ட சாட்சி. அத்தனையும் காதில் விழுந்துதான் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ராயபுரம் கடற்கரையில் தொழிலாளர் கூட்டம். பார்க்கவேண்டும் என்று நீ பறந்தாயே, அந்த ஒலிபெருக்கியை அங்கே கட்டியிருந்தார்கள். அதிலும் சுருளும் காந்தமும்தானாம். மோட்டாரில் சுற்றுவது இதில் முன்னும் பின்னும் அதிர்கிறது, அந்த அதிர்வில் காகிதக் கூம்பு பேசுகிறது என்று கட்ட வந்தவர் சொன்னார். ஆலையில் நடக்கிற அநியாயத்தை யாராவது வந்து சொல்லலாம் என்று கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டு அடி வைத்தேன். அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் தகும்.

மறுநாள் தங்கச்சி பட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெண்டாட்டி கத்துவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"நாளிக்கு என் புள்ள கேப்பான், நைனா எப்டி செத்தாருன்னு. நா இன்னாண்ணா சொல்றது? நைனா புத்தி கெட்டுப் பூட்டாரு, மாமன் சாட்சின்னா?"

அவளே மேலும் சொன்னாள்:

"காயிதத்துல போட்டத காயிதத்துலயே எடு. ஊரு படிக்கணும். அதுவரிக்கும் இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

இதற்கிடையில் மூன்றாம் நம்பர் மோட்டாரும் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. மேஸ்திரி மறுபடி குஷியாகிவிட்டார். உன் இடத்துக்கு வந்திருக்கிற மோட்டார்காரர் நேற்று அதில் ஆணி வைத்துப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், பைத்தியமா என்றார்.

அதனால் இதை மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உன் சாவை விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டர் துரைக்கு. ஒன்று நாளைக் காலை சங்கு ஊதுமுன் ஆலைக் கதவில். ஒட்டுவதற்குப் பசை காய்ச்சித் தருகிறேன் என்று பட்டம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒன்று உன் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாளைக்கு.

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். அந்த டைனமோ அறைச் சாவி மேஸ்திரியின் இடுப்பை விட்டு ஆலைச் சுவரில் எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரித் தொங்கும்வரை ஒரு கூடை கடலைகூடக் கொட்டமாட்டேன். வேலை போனால் போகட்டும். மோட்டார் பழுது என்று ஏழுமலை முன்கூட்டியே சொன்னான். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். இல்லை என்று நான் போட்ட கையெழுத்து பொய்.

இப்படிக்கு,
பட்டம்மாவின் அண்ணன், உன் மகனுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் கன்னியப்பன்